இலங்கை மலாயரின் மரபு: எது கடல் கடந்து வந்தது, எது இங்கே உருவானது

இலங்கையில் வாழும் மலாய் மக்களும் முஸ்லிம்கள்தாமே, தமிழ் பேசும் முஸ்லிம்களான சோனகரிடமிருந்து வேறுபட்ட தனிப் பண்பாட்டு மரபு அவர்களுக்கு உண்டா, உண்டென்றால் அது ஜாவாவிலிருந்து வந்தபடியே இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். தனி மரபு உண்டு. ஆனால் அதில் வந்தபடியே இருப்பது மிகக் குறைவு. இன்று நாம் இலங்கை மலாய் மரபு என்று சொல்வதில் பெரும்பகுதி, தென்கிழக்காசியத் தீவுகள் பலவற்றிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் இலங்கையின் படைமுகாம்களில் ஒன்றாக வாழ்ந்த காலத்தில் உருவானது. இதை மனத்தில் கொள்ளாமல் அவர்களின் பாட்டையோ மொழியையோ சமையலையோ பார்த்தால், கலப்படம் என்றோ எச்சம் என்றோ தவறாக எடைபோட நேரும்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். 1247ஆம் ஆண்டளவில் மலாய்த் தீபகற்பத்திலிருந்த தாம்பரலிங்கத்து அரசன் சந்திரபானு இலங்கையின் தம்பதெனிய அரசின் மீது படையெடுத்தான் என்பது வரலாறு. சாவகச்சேரி என்ற ஊர்ப்பெயரையும் சாவகர் எனப்பட்ட அந்தப் படையினரோடு இணைத்துப் பேசுவது நம்மிடையே வழக்கம். எனினும் இன்றைய மலாயர் அந்தப் படையின் வழிவந்தவர்கள் அல்லர். இவர்களின் முன்னோர் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) ஆட்சியில், அதாவது 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி 1796 வரையான காலத்திலும், அதன்பின் ஆங்கிலேயர் ஆட்சியின் முற்பகுதியிலும் வந்தவர்கள்.

அவர்கள் ஒரே வகையாக வந்தவர்களும் அல்லர். பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தாவில்) தலைமையகம் வைத்திருந்த ஒல்லாந்தக் கம்பனி, தனக்குத் தொல்லை கொடுத்த அரச குடும்பத்தினரை நாடுகடத்தும் இடமாக இலங்கையைப் பயன்படுத்தியது. ஜாவாவின் மாதரம் அரசர் மூன்றாம் அமங்குராத் 1708இல் பிடிபட்டு இங்கு அனுப்பப்பட்டார். 1734இல் இறக்கும்வரை அவர் ஊர் திரும்பவில்லை. தென் சுலாவெசியின் கோவா அரசர் சுல்தான் பக்ருத்தீன் 1767இல் அனுப்பப்பட்டார். இவர்களுக்கெல்லாம் முன்பே, 1684இல், மக்காசாரைச் சேர்ந்த சூஃபி அறிஞர் ஷேக் யூசுஃப் இங்கு கொண்டுவரப்பட்டார். இலங்கையில் இருந்தபடியே அவர் அரபியில் நூல்கள் எழுதினார். மக்காவுக்குப் போய்வந்த ஹஜ் பயணிகள் வழியே தம் சீடர்களோடு தொடர்பும் வைத்திருந்தார். அந்தத் தொடர்புக்கு அஞ்சியே கம்பனி அவரை 1694இல் இன்னும் தொலைவில், ஆபிரிக்காவின் தென்முனைக்கு மாற்றியது. ஆகவே கேப்டவுன் மலாயரும் இலங்கை மலாயரும் ஒரே ஆட்சிக்கொள்கையின் இரு விளைவுகள் எனலாம்.

அரசர்களின் கதை கேட்க இனிமையானது. மலாய்க் குடும்பங்கள் பலவும் தம்மை அரச வழியினர் என்று சொல்லிக்கொள்ள விரும்புவதும் இயல்பே. ஆனால் சமூகத்தின் உடல் என்று சொல்லத்தக்கவர்கள் படைவீரர்கள். ஒல்லாந்தக் கம்பனிக்காகப் போரிட ஜாவா, மதுரா, அம்போன், பாலி முதலிய இடங்களிலிருந்து வந்தவர்களோடு கைதிகளும் அடிமைகளும் கைவினைஞரும் சேர்ந்திருந்தனர். 1796இல் கொழும்பு ஆங்கிலேயர் கைக்கு மாறியபோது, அந்த வீரர்களை அவர்கள் கலைத்துவிடாமல் மலாய்ப் படைப்பிரிவாக ஆக்கிக்கொண்டார்கள். அதுவே பின்னர் சிலோன் ரைஃபிள் படையாயிற்று. பினாங்கு, சிங்கப்பூர் பக்கங்களிலிருந்தும் ஆட்கள் சேர்க்கப்பட்டனர். ஜாவானியர், மதுராக்காரர், புகிசு மக்கள் என்று தத்தம் ஊரில் வெவ்வேறு மொழி பேசி, வெவ்வேறு அரசர்களுக்குக் கட்டுப்பட்டிருந்தவர்கள் அனைவரும் இங்கே ஒரே பெயரில் மலாயர் ஆனது இந்தப் படையின் பட்டியலில்தான். சிங்களவரும் தமிழரும் நெடுங்காலம் அவர்களை ஜாவா மனிதர் என்றே அழைத்தனர்.

இந்தப் படையின் ஒரு தன்மை மரபைப் புரிந்துகொள்ள மிக முக்கியமானது: வீரர்கள் குடும்பத்தோடு வாழ்ந்தனர். படை கொழும்பிலிருந்து கண்டிக்கும், அங்கிருந்து பதுளைக்கும், சில காலம் ஹாங்காங் வரையும் மாறிப் போனபோது, மனைவி மக்களும் கூடவே போனார்கள். முகாமிலேயே பள்ளிக்கூடம் இருந்தது; பிள்ளைகள் மலாய் படித்தார்கள். கைநிறையச் சம்பளம் இல்லாவிட்டாலும் மாதந்தவறாத சம்பளமும் ஓய்வுநேரமும் எழுத்தறிவும் ஓரிடத்தில் சேர்ந்திருந்தன. இலக்கியம் வளர இதைவிட என்ன வேண்டும்?

வளரவும் செய்தது. அமீர் ஹம்ஸாவின் வீரக்கதை போன்ற ஹிகாயத்து என்னும் உரைநடைக் கதைகளையும், ஷாயிர் என்னும் செய்யுட் கதைகளையும், சமய நூல்களையும் படைவீரர்கள் தம் கையால் படியெடுத்தார்கள். அரபு எழுத்தில் மலாய்க்குத் தேவையான சில எழுத்துகளைக் கூட்டி எழுதும் முறையையே அவர்கள் பயன்படுத்தினர். உயிர்க்குறிகள் இடாமல் எழுதுவதால் அதற்குக் குந்துல் என்று பெயர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கைக் கரையோரத்திலும் முஸ்லிம்கள் அரபு எழுத்தில் தமிழை, அதாவது அரபுத் தமிழை, எழுதியதும் இதே வழியில்தான். இரண்டு சமூகமும் ஒரே பள்ளிவாசலில் தொழுதும் ஒரே சூஃபி வழிகளில் சேர்ந்தும் இருந்தபடியால், மலாய்க் கையெழுத்துப் படிகள் சிலவற்றில் அரபுத் தமிழ்ப் பகுதிகளும் இடம்பெற்றிருக்கின்றன. தமிழ் எழுத்து வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் இந்தப் படிகளைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். நம்மவர் கவனம் இந்தப் பக்கம் போதிய அளவு திரும்பவில்லை.

இந்த எழுத்துலகின் உச்சம் பாபா யூனுஸ் சல்தீன். மதுராத் தீவின் சுமெனெப் பகுதியிலிருந்து வந்த வீரரின் பேரனான இவர், 1869இல் கொழும்பில் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய் இதழைக் கல்லச்சில் வெளியிட்டார். அரபு எழுத்திலான மலாய்ச் செய்தித்தாள் என்றால் சிங்கப்பூரில் 1876இல் தொடங்கிய 'ஜாவி பெரானாக்கான்' இதழே முதலில் நினைவுக்கு வரும். கொழும்பு இதழ் அதற்கு ஏழாண்டு மூத்தது. அந்த முதன்மை மலாக்காவுக்கோ பினாங்குக்கோ கிட்டாமல், தாய்நிலத்திலிருந்து கடல் கடந்து வந்த சில ஆயிரம் பேர் கொண்ட சிறுபான்மைக்குக் கிட்டியது தற்செயல் அல்ல. படிக்கத் தெரிந்த வாசகர்கள் முகாம்களில் திரண்டிருந்தார்கள். 1895இல் அவரே 'வாஜா சேலோங்' என்ற இரண்டாவது இதழையும் நடத்தினார். ஆனால் அதற்குள் நிலைமை மாறிவிட்டது. 1873இல் சிலோன் ரைஃபிள் படை கலைக்கப்பட்டதோடு பள்ளிக்கூடமும் கூட்டுவாழ்வும் போயின; எழுத்து முறையும் இரண்டு மூன்று தலைமுறைகளில் வழக்கொழிந்தது.

எழுத்து போனபின்னும் வாய்மொழியில் தங்கியது பந்துன் என்னும் பாட்டு வடிவம். நான்கு அடி, ஒன்றுவிட்டு ஒன்று இயைபு. முதல் இரண்டடியில் ஒரு மரமோ பறவையோ ஆற்றங்கரையோ வரும், அடுத்த இரண்டடியில் சொல்ல வந்த கருத்து வரும். முதற்பாதிக்கும் பிற்பாதிக்கும் வெளிப்படையான தொடர்பு இருக்க வேண்டியதில்லை. சங்கப் பாடலின் உள்ளுறையில் பழகிய வாசகருக்கு இந்த உத்தி அந்நியமாகத் தோன்றாது, ஆனால் பந்துனில் பல வேளை ஓசை ஒன்றே இணைப்பாக இருக்கும். இலங்கையில் இது தனியாக வாசிக்கும் கவிதையாக இல்லாமல் கூடிப் பாடும் பாட்டாகவே வாழ்ந்தது. திருமண வீட்டில் இரவு முழுவதும், ரபான் என்னும் தோற்கருவியைத் தட்டி, சில இடங்களில் வயலினும் சேர்த்து, ஒருவர் பாடியதற்கு மற்றவர் உடனுக்குடன் எதிர்ப்பாட்டுக் கட்டுவார். கேலியும் காதலும் குடும்பப் பெருமையும் அதில் இடம்பெறும். எதிர்ப்பாட்டுக் கட்ட மொழியில் நல்ல பிடிப்பு வேண்டும் என்பதால், மொழி தளர்ந்த வீடுகளில் முதலில் மறைந்ததும் இந்தக் கலைதான். இன்று மனப்பாடமான பந்துன்களை மேடையில் பாடுவோர் இருக்கிறார்கள். நின்ற இடத்தில் கட்டிப் பாடுவோர் அரிது.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தமிழ் வாசகருக்கு மிக நெருக்கமான பகுதி இதுதான். மலேசியாவில் வழங்கும் மலாயில் வினை நடுவில் வரும். 'வீட்டுக்கு' என்பதை 'கெ ரூமா' என்று, உருபை முன்னே வைத்துச் சொல்வார்கள். இலங்கை மலாயில் அது 'ரூமா-நங்' ஆகிவிடும்: வீடு முன்னே, நான்காம் வேற்றுமை உருபு பின்னே. 'கோ நாசி சு-மாக்கங்' என்றால் 'நான் சோறு தின்றேன்'. சொற்கள் அனைத்தும் மலாய், வரிசை முழுவதும் நம்முடையது. உடைமைக்கு 'பெ', இடத்துக்கு 'கா', நீங்கலுக்கு 'தெரிங்' என்று உருபுகள் பின்னொட்டாக அடுக்கி வருகின்றன. பசி, குளிர், விருப்பம் முதலியவற்றுக்கு நாம் 'எனக்கு' என்று தொடங்குவதுபோல் அவர்களும் தொடங்குகிறார்கள்.

இந்த மாற்றத்துக்குக் காரணம் தமிழா சிங்களமா என்பதில் மொழியியலாளர்களிடையே நீண்ட வாதம் உண்டு. மலாய் வீரர்கள் தமிழ் பேசும் சோனகப் பெண்களை மணந்ததால் தாய்வழியே தமிழ் இலக்கணம் புகுந்தது என்பது ஒரு தரப்பு. அத்தகைய மணங்கள் அவ்வளவு அதிகமாக நடந்ததற்குச் சான்று போதாது, இரண்டு மொழிகளின் நடுவே நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்ததே போதிய காரணம் என்பது எதிர்த் தரப்பு. சிங்களமும் வினையை இறுதியில் வைத்து உருபைப் பின்னே ஒட்டும் மொழி என்பதால், இலக்கண வடிவத்தை மட்டும் பார்த்து இது தமிழின் கொடை என்று நாம் உரிமை கொண்டாடுவது சரியாகாது. பள்ளிவாசல் உரையும் குர்ஆன் பள்ளியும் பெரும்பாலும் தமிழில் நடந்தன என்பதால் தமிழின் பங்கு கணிசமானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் அது மட்டுமே என்று சொல்லமாட்டேன்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 'கித்தங்', 'லோரங்', 'தேரங்' என்று நாம், நீங்கள், அவர்கள் ஆகியோரைக் குறிக்கும் சொற்களும், 'நான்' என்பதற்கான 'கோ'வும் அரசவை மலாயின் சொற்கள் அல்ல. பத்தாவியா முதலிய துறைமுகங்களில் பல இனத்தாரும் பேசிய சந்தை மலாயின் வழிவந்தவை. ஆகவே அந்த வீரர் முகாமில் பேசியது சந்தை மலாய், இரவு விளக்கடியில் படியெடுத்தது செவ்வியல் மலாய். பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே இவ்வளவு இடைவெளியோடு வாழ்வது தமிழருக்குப் புதிதல்ல.

சமயத்தில் மலாயரும் சோனகரும் ஒன்றே: இருவரும் ஸுன்னிகள், ஷாஃபி வழியைப் பின்பற்றுபவர்கள். பள்ளிவாசல் வரலாற்றில் மலாயரின் கை பெரிது. கொழும்புக் கொம்பனித்தெருவின் வேகந்தைப் பள்ளிவாசல் 1786இல் பந்தன் பாலி என்பவரால் ஏற்படுத்தப்பட்டது. புதிய சோனகத் தெருவின் பெரிய பள்ளிவாசலை 1820களில் கட்டியெழுப்பியவர் முகம்மது பலங்காயா என்ற மலாயர். படை தங்கிய ஊர்களிலெல்லாம் மலாய்ப் பள்ளிவாசல் என்று பெயர் பெற்ற ஒன்றைக் காணலாம். வேறுபாடு தெரிவது குடும்ப வழக்கத்தில். இரு சமூகமும் மணமுறவு கொள்வதுண்டு என்றாலும், மணமகன் தரும் மஹரை மலாயர் மஸ்காவின் என்று தம் சொல்லாலேயே குறிப்பிடுவர். மருதாணி இரவும் பாட்டும் கூத்துமாக ஆணும் பெண்ணும் கூடிக் கொண்டாடும் தன்மை அவர்கள் வீடுகளில் கூடுதல். சமயச் சீர்திருத்தக் குரல்கள் வலுத்த அண்மைத் தலைமுறைகளில் இந்தப் பாட்டும் ரபானும் கேள்விக்குள்ளானதும் உண்மை. மொழி மறதியோடு இதுவும் சேர்ந்தே மரபைக் குறைத்தது.

பெயரிலும் அடையாளம் தெரியும். ஆண்களுக்குத் துவான், பெண்களுக்கு ஞேய் என்பவை முன்னே நிற்கும். இலங்கையில் ஒருவரின் முதலெழுத்து 'டி' (துவான் என்பதன் ஆங்கில முதலெழுத்து) என்று இருந்து, பின்னே ஜாயா, சல்தீன், கிச்சிலான், பொங்சோ, வீரபங்ச என்று வந்தால் மலாயர் என்று ஊகிக்கலாம். கிரிக்கெட் வீரர் தில்ஷான் துவான் முகம்மது என்ற பெயரோடு பிறந்தவர் என்பது பலருக்கும் தெரிந்ததே.

எழுத்தும் பாட்டும் சுருங்கிய இடத்தில் சமையல் மட்டும் சுருங்கவில்லை. மாறாக நாடு முழுவதும் பரவிவிட்டது. பெருநாள் வட்டலப்பத்தை முஸ்லிம்களின் பொதுச் சொத்து என்றே நாம் நினைக்கிறோம். முட்டை, தேங்காய்ப்பால், பனை இனத்து வெல்லம் மூன்றையும் சேர்த்து ஆவியில் வேகவைக்கும் அந்த முறை, தென்கிழக்காசியாவின் ஸ்ரீகாயா என்னும் இனிப்போடு மிக நெருங்கியது. அதை இங்கு அறிமுகப்படுத்தியவர்கள் மலாயரே என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அம்பாந்தோட்டைப் பக்கத்துத் தொதல் என்னும் இனிப்பும் அவர்கள் வழியாக வந்ததாகவே கொள்ளப்படுகிறது. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், பேரீச்சம்பழம் ஆகியவற்றைக் கடுகரைத்த வினாகிரியில் ஊறவைக்கும் மலே அச்சாறு இல்லாமல் கொழும்பில் பிரியாணி விருந்து நிறைவதில்லை. நாசி கோரெங் இன்று சிங்களவர், தமிழர் என்ற வேறுபாடின்றி எல்லார் கடையிலும் கிடைக்கிறது. ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியரின் பெருமையான லம்பிரைஸ் என்னும் சோற்றுப்பொதியில்கூட, வாழையிலைப் பொதிக்குள் பிளாச்சான் என்னும் இறால் துவையலை வைக்கும் வழக்கம் ஜாவாவின் சுவையை நினைவூட்டுகிறது.

இவற்றுக்கெல்லாம் மேலாக, மலாய் வீட்டின் அசல் அடையாளம் என்று நான் சொல்வது பிட்டும் பாபத்தும். பாபத் என்பது மாட்டுக்குடல். அதைப் பலமுறை கழுவிச் சுத்தம் செய்து, நெடுநேரம் அவித்து, தேங்காய்ப்பாலும் காரமும் சேர்த்துக் குழம்பாக்கி, அரிசிமாப் பிட்டோடு உண்பார்கள். குடல் தீவுகளின் சமையல், பிட்டு நம் மண்ணின் சமையல், சேர்த்தது இங்கே. மலாய் நண்பர் ஒருவர் விருந்துக்கு அழைத்தால், குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சியான சாத்தேயை விட்டாலும் இதை விட வேண்டாம். உடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: பாஜுவும் கெபாயாவும் பத்திக் சாரமும் தொப்பியும் இன்று திருமணத்துக்கும் விழாவுக்கும் உரியவை.

படை கலைந்தபின் மலாயர் போலீசிலும் சிறைச்சாலையிலும் தீயணைப்பிலும் தோட்டங்களிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். போலீஸ் சேவையின் வரலாற்றில் அவர்கள் பெயர் அதற்கும் முன்பே பதிந்துவிட்டது: உதுவன்கந்தைக் கொள்ளையன் சரதியலைப் பிடிக்கப் போன மோதலில் 1864 மார்ச் 21 அன்று உயிரிழந்த கான்ஸ்டபிள் துவான் சபான் நினைவாகவே, இலங்கைப் போலீஸ் ஆண்டுதோறும் அந்த நாளை வீரர் தினமாகக் கடைப்பிடிக்கிறது. 1872இல் தொடங்கிய கொழும்பு மலாய் கிரிக்கெட் கழகமும், 1922இல் உருவான அகில இலங்கை மலாய்ச் சங்கமும் முகாம் வாழ்வுக்கு மாற்றாகச் சமூகத்தைக் கூட்டிவைத்தன. கல்வியில் டி. பி. ஜாயா குறிப்பிடத்தக்கவர். 1921 முதல் கால் நூற்றாண்டுக்கு மேல் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்து, 1947இன் முதல் அமைச்சரவையிலும் இடம்பெற்ற அவரை, சோனகரும் தம் தலைவராகவே கொண்டாடினர். மலாயர் தனித்தன்மையையும் பொது முஸ்லிம் அடையாளத்தையும் ஒன்றாகச் சுமந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

இன்று அவர்கள் ஏறத்தாழ 40 ஆயிரம் பேர், நாட்டு மக்களில் 0.2 சதவீதம். கொம்பனித்தெருவின் பழைய ஜாவா லேன் சுற்றுப்புறம் நகர மறுசீரமைப்பில் கலைந்து, குடும்பங்கள் பல அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டன. கொழும்பிலும் கண்டியிலும் இளையோர் வீட்டில் சிங்களமோ ஆங்கிலமோ பேசுகிறார்கள். அம்பாந்தோட்டை மாவட்டத்துக் கிரிந்தையில் மட்டும் சிறுவர்களும் மலாய் பேசி விளையாடும் நிலை நீடித்ததாக மொழி ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, அம்பாந்தோட்டை வாரச்சந்தை கூடியிருந்த வேளையில் சுனாமி அடித்தபோது, அவ்வூர் மலாயர் பேரிழப்புக்கு ஆளானார்கள்; மொழி உயிரோடிருந்த அந்தத் தென்கரை அதன்பின் பழைய அடர்த்தியை இழந்தது.

மீட்பு முயற்சிகள் இல்லாமல் இல்லை. மலேசியாவின் தரப்படுத்தப்பட்ட மலாயை ரோமன் எழுத்தில் கற்பிக்கும் வகுப்புகளும், அங்கிருந்து கற்றுவந்த நடனங்களும் விழாக்களில் இடம்பெறுகின்றன. இதனால் தன்னம்பிக்கை வளர்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் முன்னோரில் பெரும்பாலோர் இன்றைய இந்தோனேசியாவின் தீவுகளிலிருந்து வந்தவர்கள் என்பது ஒருபுறம் இருக்க, அந்த வகுப்பில் படித்த பிள்ளைக்குக் கிரிந்தைப் பாட்டியின் 'ரூமா-நங்' பிழையான மலாயாகத் தோன்றிவிடும் ஆபத்து உண்டு. மறுபுறம், ரோமன் எழுத்து மட்டும் அறிந்தவரால் சல்தீனின் இதழில் ஒரு வரியும் வாசிக்க இயலாது. குடும்பங்களின் பெட்டிகளில் கிடந்த கையெழுத்துப் படிகள் பல, பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் கீழ் எண்ணிம வடிவில் சேமிக்கப்பட்டு, எவரும் இணையத்தில் பார்க்கும்படி உள்ளன. அவற்றைப் படிக்க வேண்டுமானால் குந்துல் எழுத்தும் செவ்வியல் மலாயும் தெரிய வேண்டும். தமிழ்ப் பகுதிகள் வரும் இடங்களில் அரபுத் தமிழும் தெரிய வேண்டும். இந்த மூன்றாவது தகுதி நம்மிடையே இன்னும் சிலரிடம் இருக்கிறது என்பதால், அந்தப் படிகளைப் பதிப்பிக்கும் வேலையில் தமிழ் முஸ்லிம் அறிஞர்களுக்கும் இடமுண்டு.